காய்ச்சல் நாட்களை எண்ணுங்கள்: கவாசாகி நோயும் ரத்தப் பரிசோதனை எண்களும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை மாலையில் டி.வி.யை அணைத்துவிட்டு இந்த கம்யூனிட்டி ஹாலுக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் நன்றி. கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களுக்குத் தனி நன்றி. குழந்தை அழுதால் சங்கடப்பட வேண்டாம். எழுந்து போய்ச் சமாதானப்படுத்திவிட்டு வாருங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே நான் பேசுவதற்குக் காரணம், என் மகள் வயிற்றுப் பேரனுக்கு இந்த நோய் வந்தது. அப்போது டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், அதன்பிறகு தேடிப் படித்ததையும்தான் சொல்லப் போகிறேன். இதைக் கேட்டுவிட்டு நீங்களே வைத்தியம் பார்க்க வேண்டாம். எப்போது டாக்டரிடம் போக வேண்டும், போனால் எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு மட்டும் இது உதவினால் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. சமீபத்தில் நம் வாட்ஸ்அப் குழுவில், "குழந்தைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல், இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள், இது தேவையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அரை மணி நேரத்தில் பதில்கள் குவிந்துவிட்டன. பெரும்பாலான பதில், "காய்ச்சலுக்கு எதற்கு ஹார்ட் ஸ்கேன்? பணம் பிடுங்குகிறார்கள்" என்பதுதான். அவசியமில்லாத டெஸ்ட் எழுதித் தருகிறவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால், குழந்தைக் காய்ச்சலில் ஒரு வகை இருக்கிறது. அதில் எக்கோ எடுக்கச் சொல்லும் டாக்டர்தான் சரியான டாக்டர். அந்த ஒரு வகையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

எங்கிருந்து வந்தது இந்தப் பெயர்?

டோமிசாகு கவாசாகி என்று ஜப்பானில் ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். டோக்கியோவில் செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனையில் வேலை. 1961ஆம் ஆண்டு ஜனவரியில் நான்கு வயதுப் பையன் ஒருவனை அவரிடம் கொண்டுவந்தார்கள். இறங்காத காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு, உடம்பெல்லாம் தடிப்பு. எந்த நோயோடும் அது பொருந்தவில்லை. அதே மாதிரி ஒவ்வொரு குழந்தையாக வர வர, எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டே வந்தார். 50 குழந்தைகளின் விவரத்தைத் திரட்டி 1967இல் ஜப்பானிய மொழியில் வெளியிட்டார். 1974இல்தான் அது ஆங்கிலத்தில் வந்தது. 95 வயது வரை வாழ்ந்து, 2020இல் காலமானார்.

ஆரம்பத்தில் இதை 'வந்து தானாகப் போய்விடும் காய்ச்சல்' என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1970இல் ஜப்பானில் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. காய்ச்சல் விட்டுத் தேறிவந்த குழந்தைகளில் சிலர் திடீரென்று இறந்திருந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் பார்த்தால், இதயத்தின் ரத்தக் குழாய் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. சின்னக் குழந்தைக்கு மாரடைப்பு!

இந்த நோயில் உடம்பின் நடுத்தர அளவு ரத்தக் குழாய்களின் சுவரில் அழற்சி உண்டாகிறது. கிருமியை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே சொந்தக் குழாயைத் தாக்குகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரிக் குழாய்கள்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன. இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்தக் குழாயின் அகலம் சுமார் இரண்டு மில்லிமீட்டர்தான். அந்தச் சுவர் பலவீனமாகிப் பலூன் மாதிரி உப்பினால், அந்த இடத்தில் ரத்தம் தேங்கும், உறையும்.

பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்குச் சற்று அதிகம். எதனால் வருகிறது என்பது அறுபது ஆண்டுகள் கழித்தும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: இது ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குத் தொற்றுகிற நோய் இல்லை. எனவே நம் வளாகத்தில் எந்தக் குழந்தைக்காவது வந்தால், தயவுசெய்து அந்த வீட்டை ஒதுக்கி வைக்காதீர்கள்.

வைத்தியம் செய்யாமல் விட்டால், நான்கில் ஒரு குழந்தைக்குக் கரோனரிக் குழாய் பாதிக்கப்படலாம். காய்ச்சல் தொடங்கிப் பத்து நாட்களுக்குள் சரியான மருந்து கொடுத்துவிட்டால், இருபது குழந்தைகளில் ஒன்று என்ற அளவுக்கு அது குறைகிறது. நான்கில் ஒன்றா, இருபதில் ஒன்றா? இன்று நான் பேசுவதெல்லாம் இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

கண்ணால் பார்க்கும் அடையாளங்கள்

ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் நம் கண்ணே ஒரு பரிசோதனை. ஐந்து நாளோ அதற்கு மேலோ காய்ச்சல். அதோடு கீழே சொல்லும் ஐந்தில் நான்கு இருந்தால், டாக்டர்கள் கவாசாகி என்று முடிவு செய்கிறார்கள்.

1. இரண்டு கண்ணும் சிவந்திருக்கும். ஆனால் பூளை தள்ளாது.

2. உதடு சிவந்து வெடித்திருக்கும். நாக்கு ஸ்ட்ராபெரிப் பழம் மாதிரி சிவந்து புள்ளி புள்ளியாக இருக்கும்.

3. உடம்பில் தடிப்பு அல்லது சிவப்புத் திட்டுகள்.

4. உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து வீங்கும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் விரல் நுனியில் தோல் உரியும்.

5. கழுத்தில், பெரும்பாலும் ஒரு பக்கம், நெறி கட்டும்.

இவை எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வராது. திங்கட்கிழமை வந்த தடிப்பு புதன்கிழமை மறைந்திருக்கும், வெள்ளிக்கிழமை கண் சிவக்கும். டாக்டர் பார்க்கும் நேரத்தில் இரண்டுதான் தெரியும். அதனால், மறைந்துபோன அடையாளத்தையும் நீங்கள் சொல்ல வேண்டும். செல்போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

நம் ஊர்க் குழந்தைகளிடம் பார்க்கக்கூடிய இன்னொரு அடையாளம் உண்டு. பிறந்தவுடன் இடது கையில் பி.சி.ஜி. ஊசி போடுகிறோம் அல்லவா? அந்தத் தழும்பைச் சுற்றி திடீரென்று சிவந்து தடிக்கும். பி.சி.ஜி. போடும் நாடுகளில் மட்டும்தான் இதைப் பார்க்க முடியும். ஜப்பானில் இதை முக்கியமாகக் கவனிக்கிறார்கள். என் பேரன் விஷயத்தில் முதலில் பார்த்த டாக்டர் தொண்டைப் புண் என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார். ஐந்து நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. ஆறாம் நாள் குளிக்க வைக்கும்போது தழும்பு சிவந்திருப்பதைப் பார்த்தது என் மனைவிதான். அடுத்து பார்த்த டாக்டர் அதைக் கண்டதும் நாக்கை நீட்டச் சொன்னார், உடனே அட்மிட் செய்யச் சொன்னார்.

ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைகளிடம் இந்த அடையாளங்கள் சரியாகவே தெரியாமல் போகலாம். ஆனால் இதயம் பாதிக்கப்படும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் அதிகம். வேறு காரணம் தெரியாமல் ஏழு நாள் காய்ச்சல் நீடித்தால், அந்தக் குழந்தைகளுக்கு அடையாளமே இல்லாவிட்டாலும் ரத்தப் பரிசோதனை செய்து, இந்த நோய் இருக்குமா என்று பார்க்க வேண்டும் என்பது வழிகாட்டுதல்.

ரத்த ரிப்போர்ட்டில் எதைப் பார்க்கிறார்கள்?

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன். 'இது கவாசாகி' என்று ஒரே டெஸ்டில் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. டெங்குவுக்கு இருக்கிற மாதிரி பாசிட்டிவ், நெகட்டிவ் என்று வராது. பல எண்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

முதலாவது சி.ஆர்.பி. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கற்றுக்கொண்ட வார்த்தை இது. உடம்பில் அழற்சி இருந்தால் கல்லீரல் தயாரிக்கும் புரதம். கவாசாகியில் இது நன்றாக ஏறும். இங்கே ஒரு எச்சரிக்கை. நம் லேப்களில் பெரும்பாலும் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கொடுப்பார்கள். மருத்துவ வழிகாட்டுதல்களில் ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது நூறு மில்லிலிட்டருக்கு எத்தனை என்று இருக்கும். வழிகாட்டுதலில் 3 என்று இருந்தால், நம் ரிப்போர்ட்டில் அது 30. இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு, பத்து மடங்கு அதிகம் என்று பதறவும் வேண்டாம், குறைவு என்று நிம்மதி அடையவும் வேண்டாம். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். ரூபாயா பைசாவா என்று பார்க்காமல் பாஸ்புக்கைப் படிக்க மாட்டோம் அல்லவா?

இரண்டாவது ஈ.எஸ்.ஆர். இதுவும் அழற்சியைக் காட்டுவதுதான். மணிக்கு 40 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கவனிக்கிறார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கவாசாகிக்குக் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தே ஈ.எஸ்.ஆரை ஏற்றிவிடும். மருந்து கொடுத்த பிறகு குழந்தை நன்றாக விளையாடும், ரிப்போர்ட்டில் மட்டும் ஈ.எஸ்.ஆர். எகிறியிருக்கும். 'மருந்து வேலை செய்யவில்லையே' என்று அழக் கூடாது. சிகிச்சைக்குப் பிறகு சி.ஆர்.பி.யைத்தான் நம்புவார்கள்.

மூன்றாவது பிளேட்லெட். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். டெங்கு சீசனில் பழகிப்போய், பிளேட்லெட் இறங்கினால் ஆபத்து, ஏறினால் நல்லது என்று நம் மனதில் பதிந்துவிட்டது. கவாசாகியில் முதல் வாரம் சாதாரணமாக இருக்கும். இரண்டாவது வாரம் கிடுகிடுவென்று ஏறும். ஏழு, எட்டு லட்சம் சகஜம். பத்து லட்சத்தைத் தொடுவதும் உண்டு. 'அப்பாடா, பிளேட்லெட் ஏறிவிட்டது' என்று இங்கே சந்தோஷப்பட முடியாது. ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது என்று அர்த்தம். அதே சமயம், நோயின் ஆரம்பத்திலேயே பிளேட்லெட் குறைவாக இருந்தால் அது நோய் கடுமையாக இருப்பதன் அறிகுறி. ஆகவே எண் மட்டும் போதாது, அது காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதும் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

நான்காவது அல்புமின். ரத்தத்தில் இருக்கும் புரதம். குழாய்ச் சுவரில் அழற்சி இருக்கும்போது இது வெளியே கசிகிறது, அதனால் ரத்தத்தில் குறைகிறது. 3 கிராம் அல்லது அதற்குக் கீழே போனால் கவலைக்குரியது.

ஐந்தாவது சோடியம். வீட்டில் வயதானவர்களுக்கு சோடியம் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. குழந்தைகளுக்கு கவாசாகியிலும் இறங்கும். இறங்கினால் அழற்சி கடுமையாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இவற்றோடு வெள்ளை அணுக்கள், அதில் நியூட்ரோபில் சதவீதம், ஹீமோகுளோபின், கல்லீரல் என்சைம்கள், சிறுநீரில் சீழ் அணுக்கள் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். சில மருத்துவமனைகளில் என்.டி. புரோ பி.என்.பி. என்றும் ஒரு டெஸ்ட் எடுப்பார்கள். இதயத் தசை சிரமப்படும்போது அது வெளியிடும் பொருள் இது. பெரியவர்களுக்கு இதயம் பலவீனமா என்று பார்க்க எடுப்பது. கவாசாகியில் குழாய் மட்டுமல்ல, இதயத் தசையும் அழற்சிக்கு உள்ளாவதால் இதுவும் ஏறுகிறது. சாதாரண வைரல் காய்ச்சலா இதுவா என்று குழப்பம் இருக்கும்போது இது கை கொடுக்கிறது.

அடையாளங்கள் நான்கு இல்லை, இரண்டு மூன்றுதான் இருக்கின்றன என்றால் என்ன செய்வது? அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் கொடுத்த வழிகாட்டுதல் இதற்குப் படிப்படியாக வழி சொல்கிறது. முதலில் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். பார்க்க வேண்டும். அவை ஏறியிருந்தால், ரத்தசோகை, ஏழாம் நாளுக்குப் பிறகு நாலரை லட்சத்துக்கு மேல் பிளேட்லெட், குறைந்த அல்புமின், உயர்ந்த கல்லீரல் என்சைம், 15,000 அல்லது அதற்கு மேல் வெள்ளை அணு, சிறுநீரில் சீழ் அணு என்ற ஆறில் மூன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று இருந்தாலும் சரி, எக்கோவில் மாற்றம் தெரிந்தாலும் சரி, வைத்தியத்தைத் தொடங்கிவிட வேண்டும்.

மார்க் போட்டு முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

நோயைக் கண்டுபிடித்தாயிற்று. அடுத்த கேள்வி, எந்தக் குழந்தைக்கு இதயம் பாதிக்கப்படும்? முதல் மருந்துக்கு அடங்காத குழந்தைகள் நூற்றில் பத்து முதல் இருபது பேர் இருக்கிறார்கள். இதயக் குழாய் பாதிப்பு அவர்களிடம்தான் அதிகம். அவர்களை முதல் நாளே அடையாளம் கண்டுவிட்டால், முதலிலிருந்தே மருந்தைக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

இதற்கு ஜப்பானில் 2006இல் கோபயாஷி என்ற மருத்துவரின் குழு ஒரு மார்க் முறையைக் கொண்டுவந்தது. சோடியம் 133 அல்லது அதற்குக் கீழே, ஏ.எஸ்.டி. என்ற என்சைம் 100 அல்லது அதற்கு மேல், நியூட்ரோபில் 80 சதவீதம் அல்லது அதற்கு மேல், காய்ச்சலின் நான்காம் நாளுக்குள்ளேயே சிகிச்சை தொடங்க வேண்டிய நிலை: இவற்றுக்குத் தலா 2 மார்க். சி.ஆர்.பி. நம் லேப் கணக்கில் 100 அல்லது அதற்கு மேல், பிளேட்லெட் 3 லட்சம் அல்லது அதற்குக் கீழே, வயது ஒன்று அல்லது அதற்குள்: இவற்றுக்குத் தலா 1. மொத்தம் 11. நான்கும் அதற்கு மேலும் எடுத்தால் முதல் மருந்துக்கு அடங்காமல் போகும் வாய்ப்பு அதிகம். பரீட்சையில் மார்க் வாங்கினால் சந்தோஷம், இதில் வாங்கினால் வருத்தம்.

இது காகிதத்தில் மட்டும் இருந்த கணக்கு இல்லை. ஐந்தும் அதற்கு மேலும் மார்க் வந்த குழந்தைகளை ஜப்பானில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வழக்கமான மருந்து மட்டும், இன்னொரு பகுதிக்கு அதோடு ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். 2012இல் வெளியான முடிவில், வழக்கமான மருந்து மட்டும் பெற்றவர்களில் 23 சதவீதம் பேருக்குக் கரோனரிக் குழாயில் மாற்றம் தெரிந்தது. ஸ்டீராய்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 3 சதவீதம்தான். ரத்தப் பரிசோதனை எண்ணால் கிடைத்த நன்மை இது.

ஆனால், இதே மார்க் முறையை அமெரிக்காவில் பல இனக் குழந்தைகளிடம் போட்டுப் பார்த்தபோது, மருந்துக்கு அடங்காத குழந்தைகளில் நிறையப் பேரை அது தவறவிட்டது. ஜப்பான் குழந்தைகளின் எண்களைக் கொண்டு செய்த அளவுகோல், வேறு குழந்தைகளுக்கு அப்படியே பொருந்தவில்லை.

வங்கியில் இருந்தவனுக்கு இது புரிகிறது. கடன் கேட்டு வருகிறவருக்கு சிபில் ஸ்கோர் பார்ப்போம். ஸ்கோர் நன்றாக இருந்தவர் கட்டாமல் போனதும் உண்டு, குறைவாக இருந்தவர் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியதும் உண்டு. ஸ்கோர் என்பது கூட்டத்தைப் பற்றிச் சொல்வது. எதிரில் நிற்கும் ஒருவரைப் பற்றி நிச்சயமாகச் சொல்லாது. அதற்காக அதைத் தூக்கி எறியவும் முடியாது. மார்க் அதிகம் என்றால் அதிகக் கவனம் என்று எடுத்துக்கொள்ளலாம். மார்க் குறைவு என்றால் கவனமே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எக்கோ ஏன் தேவை?

இப்போது அந்த வாட்ஸ்அப் கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டோம். ரத்தம் அழற்சி எவ்வளவு என்று சொல்லும். குழாய் உப்பியிருக்கிறதா என்பதை ரத்தம் சொல்லாது. அதை எக்கோதான் சொல்லும். சி.ஆர்.பி. இறங்கி, காய்ச்சல் விட்டு, குழந்தை ஓடி ஆடும்போதும் உள்ளே குழாய் விரிந்துகொண்டிருக்கலாம்.

எக்கோவில் ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. நெஞ்சில் ஜெல் தடவி, கருவியை வைத்துப் பார்ப்பதுதான். கரோனரிக் குழாயின் அகலத்தை அளந்து, அந்தக் குழந்தையின் உயரம், எடைக்கு இருக்க வேண்டிய அளவோடு ஒப்பிட்டு 'இசட் ஸ்கோர்' என்று ஒரு எண் தருவார்கள். 2.5க்குக் கீழே இருந்தால் குழாய் வீக்கம் இல்லை. 2.5 முதல் 5 வரை சிறிய வீக்கம். 5 முதல் 10 வரை நடுத்தரம். 10 அல்லது அதற்கு மேல் போனால் மிகப் பெரியது, ஆபத்தானது. முதல் எக்கோவிலேயே இந்த எண் கூடியிருந்தால், பிறகும் பாதிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வகையில், எதிர்காலத்தைச் சொல்வதில் எல்லா ரத்தப் பரிசோதனைகளையும்விட முதல் எக்கோ வலுவான சாட்சி.

ஒரு எக்கோவோடு முடியாது. நோய் கண்டுபிடித்தபோது ஒன்று, ஒன்றிரண்டு வாரத்தில் ஒன்று, நான்கு முதல் ஆறு வாரத்தில் ஒன்று. மூன்றாவது எக்கோவைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 'குழந்தை நன்றாகத்தானே இருக்கிறான்' என்பதுதான் காரணம். நன்றாக இருப்பதாக நாம் நினைப்பது வேறு, எக்கோ சொல்வது வேறு.

சிகிச்சையும் அதற்குப் பிறகும்

முக்கிய மருந்து இம்யூனோகுளோபுலின். குழந்தையின் எடையில் கிலோவுக்கு 2 கிராம், ஒரே தடவையாக, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். 12 கிலோ குழந்தைக்கு 24 கிராம் வேண்டும். விலை அதிகம். இன்ஷூரன்ஸ் இருந்தால் அட்மிட் ஆன அன்றே அனுமதிக்கு எழுதிவிடுங்கள், காத்திருந்து நாளைக் கடத்த வேண்டாம். இந்த மருந்தை எந்தத் தொழிற்சாலையிலும் ரசாயனத்தால் செய்ய முடியாது. ஆயிரக்கணக்கான மனிதர்கள் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவைச் சேர்த்துத்தான் செய்கிறார்கள். முகம் தெரியாத யார் யாரோ கொடுத்தது, நம் வீட்டுக் குழந்தையின் இதயத்தைக் காப்பாற்றுகிறது.

மருந்து ஏற்றி முடிந்து 36 மணி நேரம் ஆன பிறகும் காய்ச்சல் இருந்தாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப வந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதுதான் மருந்துக்கு அடங்காத நோயின் அறிகுறி. அதற்கு இரண்டாவது முறை இம்யூனோகுளோபுலின், ஸ்டீராய்டு, இன்ஃப்ளிக்சிமாப் என்று வேறு வழிகள் உண்டு.

கூடவே ஆஸ்பிரின். பெரியவர்கள் இதயத்துக்குச் சாப்பிடும் அதே மாத்திரைதான். காய்ச்சல் விட்ட பிறகு குறைந்த அளவில், எக்கோ சரியாக இருந்தால் ஆறு முதல் எட்டு வாரம் வரை தருவார்கள். குழாய் வீக்கம் இருந்தால் தொடர்ந்து தர வேண்டியிருக்கும். ஆஸ்பிரின் ஓடும் நாட்களில் வீட்டில் இருக்கும் ஐபுபுரூஃபன் சிரப்பைக் கொடுக்க வேண்டாம். அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும். சின்னம்மை, ஃப்ளூ காய்ச்சல் தொடர்பு ஏற்பட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தடுப்பூசி அட்டையிலும் ஒரு மாற்றம் வரும். இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிறகு எம்.எம்.ஆர்., சின்னம்மை தடுப்பூசிகளை 11 மாதம் தள்ளிப் போடுவார்கள். இடையில் வேறு டாக்டரிடம் போனால் இதைச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. சிறிய வீக்கங்களில் பாதிக்கு மேல் ஓரிரு வருடத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகின்றன. என் பேரனுக்கு எட்டாம் நாள் மருந்து ஏறியது. முதல் எக்கோவில் குழாய் லேசாக விரிந்திருந்தது, ஆறாவது வாரம் சரியாகிவிட்டது. இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறான்.

நாம் செய்ய வேண்டியது

கடைசியாக, தாத்தா பாட்டிகளுக்கும் பெற்றோருக்கும் சில வேண்டுகோள்கள்.

ஒன்று. காய்ச்சல் தொடங்கிய தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். 'நாலஞ்சு நாளா' என்று சொல்வதற்கும், 'செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆரம்பித்தது, இன்று ஆறாம் நாள்' என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம்.

இரண்டு. எல்லா ரத்த ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் 'காய்ச்சலின் எத்தனையாவது நாள்' என்று பேனாவால் எழுதுங்கள். டாக்டர் மாறினாலும், ஆஸ்பத்திரி மாறினாலும் அந்த ஃபைல் பேசும். எங்கள் விஷயத்தில் டாக்டர் முதலில் கேட்டு வாங்கியது அந்த ஃபைலைத்தான். வெவ்வேறு லேபில் எடுத்தால் அலகையும் சரிபாருங்கள்.

மூன்று. ஐந்து நாளைத் தாண்டினால், "இது கவாசாகியாக இருக்குமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். அதே நேரம், இரண்டு நாள் காய்ச்சலுக்கெல்லாம் சி.ஆர்.பி. எடுங்கள், எக்கோ எடுங்கள் என்று நச்சரிக்கவும் வேண்டாம். குழந்தைகளுக்கு வரும் காய்ச்சலில் பெரும்பாலானவை வைரல்தான், தானாகவே போய்விடும்.

நான்கு. வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்டால், 'தேவையில்லை' என்று எழுதும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். நம் பதிலை நம்பி ஒரு தாய் எக்கோவைத் தள்ளிப் போட்டுவிடலாம். பத்து நாள் என்பது நீண்ட காலம் இல்லை. அதில் ஐந்தாறு நாள் ஏற்கெனவே வைரல் என்று நினைத்துப் போயிருக்கும்.

ஐந்து. நம் சங்கம் ரத்த தான முகாம் நடத்தும்போது, வயதும் உடல்நிலையும் அனுமதிக்கிறவர்கள் தவறாமல் கலந்துகொள்ளுங்கள். ரத்தம் கொடுக்க நமக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். அது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று நமக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை நம் வளாகத்தில் இருக்கும் டாக்டர்களிடம் கேட்டுச் சொல்கிறேன். பின்னால் காபியும் சுண்டலும் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.